கையால் ஒரு தரமான கிளாரினெட் செய்வது எப்படி: மரம் பார்ப்பதிலிருந்து சுருதி சேர்ப்பது வரை

கிளாரினெட்டைப் பார்த்ததும் கண்ணில் படுவது பளபளக்கும் சாவிகள்தான். செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஆனால் கருவி நல்லதா சுமாரா என்பது சாவி பொருத்துவதற்கு ரொம்ப முன்பே முடிவாகிவிடுகிறது. குழலுக்குள் எந்த இடத்தில் எவ்வளவு மரம் போயிருக்கிறது, துளைகளின் அடிப்பக்கம் எப்படி அகன்றிருக்கிறது, இந்த இரண்டும்தான் விஷயம். அதனால் இங்கே உட்குழலுக்கும் துளைகளுக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன், சாவி வேலைக்குக் கொஞ்சம்தான். நீங்கள் லேத்தில் கடைந்து பழகியவர், சில்வர் சோல்டர் வைக்கத் தெரிந்தவர், கிளாரினெட்டை ஓரளவு வாசிக்கவும் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்னதுதான் ரொம்ப முக்கியம். வாசிக்கத் தெரியாதவர் குழல் செய்துவிடலாம், ஆனால் அதற்குச் சுருதி சேர்க்க முடியாது.

முதலில் காகிதத்தில் வேலை

எந்த வகை என்று தீர்மானியுங்கள். 1700-ஐ ஒட்டி ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் கையில் பிறந்த கருவிக்கு அப்போது ஓரிரண்டு சாவிகள்தான். இன்று உலகில் அதிகம் புழங்குவது, வாசிப்பாளர் ஹயசிந்த் குளோசேயும் கருவி செய்பவர் லூயி ஓகுஸ்ட் புஃபேயும் 1839-ல் காட்சிக்கு வைத்து, பிறகு காப்புரிமை பெற்ற ‘போம்’ சாவி அமைப்பு: 17 சாவிகள், 6 வளையங்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஓலர் அமைப்புதான் வழக்கம். அதன் விரல் அமைப்பும் உட்குழலும் வேறு. முதல் கருவிக்கு போம் அமைப்பில் பி ஃபிளாட் கிளாரினெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அளந்து பார்க்க மாதிரிகள் எளிதாகக் கிடைக்கும், உதிரிப் பாகங்களும் கிடைக்கும்.

அடுத்து கொஞ்சம் இயற்பியல். இதைத் தாண்டிப் போய்விட முடியாது. கிளாரினெட் ஏறத்தாழ நேரான உருளை, வாயில் வைக்கும் மௌத்பீஸ் பக்கம் மூடியது போல நடந்துகொள்ளும். அதனால் அடிச்சுரத்தின் அலைநீளத்தில் கால் பங்குதான் குழலின் நீளம். மிகக் கீழ்ச் சுரம் சுமார் 147 ஹெர்ட்ஸ், காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். வகுத்துப் பார்த்தால் 58 சென்டிமீட்டர் சொச்சம் வரும். அடியில் விரிந்திருக்கும் பெல்லையும் சேர்த்துக் கையில் பிடிக்கும் கருவி 66 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருப்பது இதனால்தான். மூடிய உருளை என்பதாலேயே, அதே விரல் நிலையில் மேல்சுரத்துக்குப் போகும்போது புல்லாங்குழல் போல எட்டாம் சுரத்துக்குத் தாவாமல் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவுகிறது. அந்தத் தாவல் சரியாக 1902 சென்ட் இருக்க வேண்டும் (அரைச்சுரத்துக்கு 100 சென்ட்). ஒவ்வொரு விரல் நிலைக்கும் அந்த 1902-ஐக் கொண்டுவருவதுதான் இந்தத் தொழிலின் மொத்தத் தலைவலி.

தலைவலிக்குக் காரணம் ரெஜிஸ்டர் துளை, அதாவது மேல்சுரத்துக்குத் தாவவைக்கத் திறக்கும் சிறு துளை. தாவல் சுத்தமாக நடக்க, ஒலிக்கும் நீளத்தில் மௌத்பீஸ் முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்தத் துளை இருக்க வேண்டும். சுரத்துக்குச் சுரம் நீளம் மாறுகிறது, துளையோ ஒன்றுதான். ஆக ஏதோ ஒரு சுரத்துக்குத்தான் அது சரியான இடத்தில் உட்காரும். அங்கிருந்து இரண்டு பக்கமும் விலக விலக மேல்சுரம் ஏறிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு அதே துளைதான் தொண்டைப் பகுதி (தாவலுக்குச் சற்றுக் கீழே, குட்டைக் குழலில் ஒலிக்கும் சுரங்கள்) பி ஃபிளாட்டுக்கும் காற்றை வெளியே விட வேண்டும். தாவலுக்குச் சின்னத் துளை வேண்டும், பி ஃபிளாட்டுக்குப் பெரிய துளை வேண்டும். இரண்டுக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. விட்டத்தில் சமாதானம் செய்துகொள்கிறார்கள். கிளாரினெட்காரர்கள் எல்லோரும் அந்த பி ஃபிளாட்டைத் திட்டுவதற்கு வேறு காரணம் இல்லை.

உட்குழல் வடிவம்

துளை ஏற்படுத்தும் கோணலை உட்குழலின் வடிவத்தால் நிமிர்த்த வேண்டும். விதி இதுதான்: காற்றழுத்தம் அதிகமாக ஊசலாடும் இடத்தில் குழலை அகலப்படுத்தினால் அந்தச் சுரம் இறங்கும். காற்றின் ஓட்டம் அதிகமாக இருக்கும் இடத்தில் அகலப்படுத்தினால் ஏறும். ஒரு சுரத்தின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் இடத்தை அகலப்படுத்தினால் கீழ்ச்சுரம் சற்று இறங்கி மேல்சுரம் ஏறும், பன்னிரண்டாம் இடைவெளி விரியும். மூன்றில் இரண்டு பங்கில் அகலப்படுத்தினால் அதற்கு நேர் எதிர், இடைவெளி சுருங்கும். இதை ஒரு தாளில் குழலை வரைந்து, நான்கைந்து சுரங்களுக்கு அழுத்த வரைபடத்தைப் பென்சிலால் போட்டுப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு பெரிய உற்பத்தியாளர்களின் உட்குழல்கள் ஏன் அப்படி வளைந்து நெளிந்திருக்கின்றன என்பது தானாகப் புரியும்.

பழைய ஆங்கிலேயப் பாணிக்கு பூசி அண்ட் ஹாக்ஸ் நிறுவனத்தின் 1010 நல்ல உதாரணம்: கிட்டத்தட்ட நேரான உருளை, 15.2 மி.மீ. விட்டம். திறந்த, அகலமான ஒலி, ஆனால் அதற்கென்று தனி மௌத்பீஸ் வேண்டும், பன்னிரண்டாம் இடைவெளிகளை வாசிப்பவர் உதட்டால்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். மறுபக்கம் 1955-ல் ராபர்ட் காரே புஃபே கிராம்போன் நிறுவனத்துக்காக வடிவமைத்த ஆர் 13. நடுப்பகுதி சுமார் 14.65 மி.மீ., மேல் முனையை நோக்கிப் படிப்படியாக அகலும், கீழ்த்துண்டின் அடியில் பெல்லை நோக்கி விரியும். இன்றைய தொழில்முறைக் கருவிகளில் பெரும்பாலானவை இதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அடி விரிவு அழகுக்காக வைத்தது கிடையாது. அது இல்லாவிட்டால் மிகக் கீழ்ச் சுரங்களான இ, எஃப் இரண்டும் அவற்றின் மேல்சுரங்களைவிட இறங்கிப்போய்த் தொங்கும்.

புதிதாக ஒரு வடிவத்தை மனத்தில் உருவாக்கிச் செய்யலாம்தான். முதல் தடவைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்களுக்குப் பிடித்த ஒரு நல்ல கருவியை எடுத்து, 0.05 மி.மீ. வித்தியாசத்தில் கடைந்த சிறு வட்டுகளை நீளக் கம்பியில் பொருத்தி, ஒவ்வொரு வட்டும் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று இரண்டு முனையிலிருந்தும் அளந்து வரைபடம் போடுங்கள். பழைய மரக்குழல் வட்டமாக இருக்காது, முட்டை வடிவில் நசுங்கியிருக்கும். வட்டு நிற்கும் இடம் குறுகிய அச்சைத்தான் சொல்லும் என்பதை நினைவில் வையுங்கள்.

மரம்

வழக்கமான மரம் கிரெனடில்லா. தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளரும் ஆப்பிரிக்கக் கருமரம், ஈட்டியின் இனம்தான். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். மெதுவாக வளர்வது, முடிச்சு இல்லாத நேரான துண்டு கிடைப்பது அபூர்வம். இந்த இன மரங்கள் ஏறத்தாழ எல்லாமே 2017-ல், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்கு வந்தது, கட்டையாக வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கு அந்த விலக்கு இல்லை. ஆவணத்தோடு விற்பவரிடம் வாங்குங்கள்.

மரம் ஒலியைத் தீர்மானிக்கிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஜான் பேக்கஸ் 1964-ல் வெளியிட்ட சோதனைகளில் குழல் சுவரின் அதிர்வு கேட்கும் ஒலியில் குறிப்பிடத்தக்க பங்கு எதையும் தரவில்லை. என் கணக்கில் மரத்தின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: கிரெனடில்லாவில் துளையின் விளிம்பு கூர்மையாக நிற்கும், உட்சுவர் கண்ணாடி போல மழமழப்பாகும், திருகு மரை பிடிக்கும். கோகோபோலோ, மோப்பேன் இரண்டும் நன்றாக வரும். பாக்ஸ்வுட் அழகு, ஆனால் வளையும். மரமே வேண்டாம் என்றால் எபோனைட் கட்டை தாராளமாக எடுக்கலாம், வெடிக்காது.

கட்டைகளைத் தேர்வு செய்யும்போது முனையில் தெரியும் ஆண்டு வளையங்களையும், நெடுக்காக ஓடும் ரேகை எந்தப் பக்கம் விலகுகிறது என்பதையும் பாருங்கள். ரேகை குறுக்கே ஓடினால் மேல்துண்டில் அந்த ரேகையோடு ஒரு நாள் விரிசல் வரும். இன்னொன்று: இந்த மரத்தின் தூள் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிறைப்பையும் தரும். முகமூடியும் தூள் உறிஞ்சியும் இல்லாமல் லேத்தை ஓட்ட வேண்டாம்.

கடைசலும் காத்திருப்பும்

மேல்துண்டு, கீழ்த்துண்டு, பாரல் (மௌத்பீஸுக்கும் மேல்துண்டுக்கும் நடுவே வரும் சிறு துண்டு), பெல் என நான்கு கட்டைகள். ஒவ்வொன்றின் முனைகளையும் மெழுகால் அடைத்து, நடுவில் 12 மி.மீ. அளவுக்கு முதல் துளை போட்டு, வெளிப்புறத்தை ஐந்தாறு மி.மீ. கூடுதலாக விட்டுக் கடைந்து, அப்படியே ஒதுக்கி வையுங்கள். நீளத் துளைக்கு கன் டிரில்தான் சரி. சாதாரண டிரில் பிட் ரேகையைத் தொடர்ந்து கோணலாகப் போய்விடும். எத்தனை நாள் காத்திருப்பது என்றால், மாதம் ஒரு முறை எடை போடுங்கள். எடை மாறாமல் நின்றால் மரம் தயார். சில கட்டைகள் வருடக்கணக்கில் இழுக்கும். வெடிக்கிற கட்டை இந்தக் கட்டத்தில் வெடித்துவிட்டால் நல்லதுதான், முடித்த கருவி தப்பித்தது.

அப்புறம் அந்த நடுத்துளையையே அச்சாக வைத்து வெளிப்புறத்தைக் கடையுங்கள். வெளியைக் கடைந்துவிட்டுத் துளை போட்டால் சுவர் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிதாகவும் வரும். டெனன் (ஒரு துண்டின் செருகு முனை), சாக்கெட் (அது நுழையும் குழி) இரண்டையும் இப்போதே வெட்டலாம். கார்க் இல்லாமலே டெனன் ஆட்டமின்றி உட்கார வேண்டும். காற்றை அடைப்பது மட்டுந்தான் கார்க்கின் வேலை, துண்டுகளைத் தாங்கிப் பிடிப்பது டெனனின் வேலை.

ரீமர்

உட்குழலின் கடைசி வடிவத்தை ரீமர் என்ற சீவும் கருவிதான் தரும், அதை நீங்களே செய்தாக வேண்டும். சில்வர் ஸ்டீல் கம்பியை உங்கள் வரைபடப்படி கடைந்து, பாதி விட்டத்துக்குச் சற்று மேல் வரை நெடுக்காக அரம் போட்டு எடுத்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடாக்கி, எண்ணெய்க் கல்லில் கூர் தீட்டுங்கள். மேல்துண்டுக்கு ஒன்று, கீழ்த்துண்டின் விரிவுக்கு ஒன்று, பாரலுக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று வேண்டும்.

ரீமரை மிக மெதுவாக, முடிந்தால் கையாலேயே சுழற்றுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் தூளைத் துடையுங்கள். தூள் நெரிந்தால் சூடாகும், சூடான மரம் விரிந்து நிற்கும்போது வெட்டிய அளவு ஆறிய பிறகு வேறாக இருக்கும். கடைசி 0.1 மி.மீ.-ஐ அன்றைக்கே எடுக்காதீர்கள். உள்ளே மரம் போனதும் கட்டைக்குள் இறுகியிருந்த இழுவிசை தளர்ந்து குழல் லேசாக அசையும். சில வாரம் விட்டு, எண்ணெயில் ஊறவைத்து, துடைத்து ஆறவிட்டு, அதன் பிறகு கடைசிச் சீவல். அப்போதும் வரைபடத்தைவிட 0.03 மி.மீ. குறைவாகவே நிறுத்துங்கள், அந்த மிச்சம் பின்னால் கை கொடுக்கும்.

சுரத்துளைகள்

போம் கிளாரினெட்டில் 24 துளைகள். இடத்தை மாதிரிக் கருவியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், விட்டத்தை மட்டும் எல்லாவற்றிலும் சற்றுக் குறைத்துப் போடுங்கள். துளை பெரிதானால் சுரம் ஏறும், மௌத்பீஸை நோக்கி நகர்ந்தாலும் ஏறும். ஏறாத சுரத்தை ஏற்றிவிடலாம், ஏறிப்போனதை இறக்குவதுதான் பாடு. திறந்த துளைகளின் வரிசை மொத்தமாகவும் ஒரு வேலை செய்கிறது. ஆர்தர் பெனேட் என்ற இயற்பியலாளர் காட்டியபடி, ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அந்த வரிசையில் திரும்பி எதிரொலிக்காமல் வெளியே போய்விடுகிறது. இந்த எல்லை சுரத்துக்குச் சுரம் சீராக இருந்தால் ஒலியின் நிறமும் சீராக இருக்கும். ஒரு துளையை மட்டும் சகட்டுமேனிக்குப் பெரிதாக்கினால் அந்தச் சுரம் தனியாகக் கத்தும்.

துளை போடும்போது உட்குழலுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் மரக்கம்பி ஒன்றைச் செருகிவையுங்கள், இல்லாவிட்டால் டிரில் உள்ளே வெளிப்படும் இடத்தில் மரம் பிய்ந்துவரும். பேட் (சாவியின் அடியில் இருந்து துளையை மூடும் மெத்தை) உட்காரும் விளிம்பை, நடுவில் வழிகாட்டிக் கம்பி உள்ள கட்டரால் மெல்லிய கரை போல வெட்டுங்கள். அந்தக் கரையில் மயிரிழைச் சிராய்ப்பு இருந்தாலும் காற்று ஒழுகும்.

இனி அடிச்சீவல். கைவினைக் கருவியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சிறு கூம்புக் கட்டரை உட்குழல் வழியாகக் கொண்டுபோய், துளை வழியே வெளியிலிருந்து விட்ட தண்டில் திருகிப் பூட்டி, தண்டை மெதுவாக மேலே இழுத்தபடி விரலால் சுழற்ற வேண்டும். துளை உட்குழலைச் சந்திக்கும் இடத்தில் கூர்முனை மழுங்கி, கூம்பாக அகலும். வெளியே அளவு அப்படியே இருக்கும். காற்று அந்த முனையில் சுழித்து வீணாகாமல் வழுக்கிப் போவதால் ஊதுவது இலகுவாகும், சத்தமாக வாசித்தாலும் சுரம் உடையாது. எவ்வளவு சீவுவது என்பதற்கு எண் கிடையாது. கால் சுற்று, ஊதிப் பார், மறுபடி கால் சுற்று. இப்போதைக்கு எல்லாத் துளைகளிலும் கூர்முனை போகும் அளவுக்கு மட்டும் சீவிவிட்டு நிறுத்துங்கள்.

ரெஜிஸ்டர் குழாய் ஏறத்தாழ 3 மி.மீ. உள்விட்டம் உள்ள உலோகக் குழாய். உட்சுவரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுவரோடு சமமாக இருந்தால் வழிந்துவரும் நீர் நேராக அதற்குள் போய்விடும்.

சாவி வேலை

இதைப் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி எழுதலாம், இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். ஜெர்மன் சில்வர்தான் பொருள். சுத்தியால் அடித்து உருவாக்கினால் உறுதி, வார்த்தெடுத்தால் சில நேரம் ஒடியும். கிண்ணம், கை, கீல் குழாய் மூன்றையும் சில்வர் சோல்டரால் இணைத்து, அரம் போட்டு, மெருகேற்றி, வெள்ளிப் பூச்சுக்கு அனுப்புங்கள். முதல் கருவிக்குப் பழைய உடைந்த கருவியின் சாவிகளை எடுத்துப் பொருத்துவதில் எந்த வெட்கமும் வேண்டாம். ஆனால் அப்படிச் செய்வதானால் துளை போடுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் துளை இடங்கள் அந்தச் சாவிகளுக்குக் கட்டுப்பட்டவை.

கவனிக்க வேண்டியது கீல்கள். பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் பேட் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். போஸ்ட் (கீலைத் தாங்கும் சிறு தூண்) மரத்தில் மரை பிடித்து நிற்கும் திசை சற்றுத் திரும்பினாலும் சாவி இறுகும். நீல எஃகு ஊசி ஸ்பிரிங்குகள் நீண்ட காலம் உழைக்கும்.

பேட் வைப்பது பொறுமை வேலை. மேல்துண்டின் சிறு துளைகளுக்குக் கார்க், கீழே பெரியவற்றுக்கு மீன்சவ்வு அல்லது தோல் பேட். ஒட்டியதும் மெல்லிய தாள் துண்டை விளிம்பில் நான்கு பக்கமும் வைத்து இழுத்துப் பாருங்கள், நான்கிலும் ஒரே பிடிப்பு வர வேண்டும். பேட் எவ்வளவு உயரத்துக்குத் திறக்கிறது என்பதும் சுருதியை மாற்றும். துளை விட்டத்தில் கால் பங்கு உயரம் திறந்தால்தான் சுற்றிலும் உள்ள இடைவெளி துளையின் பரப்புக்குச் சமமாகும். அதற்குக் கீழே போனால் சுரம் மங்கி இறங்கும். இந்த உயரத்தைச் சரிசெய்யாமல் துளையில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக ஒழுகல் சோதனை: துண்டின் ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, எல்லாத் துளைகளையும் மூடி, மறுமுனையில் வாயால் காற்றை உறிஞ்சுங்கள். வாயை எடுக்கும்போது பொக்கென்று சத்தம் வர வேண்டும்.

சுருதி சேர்ப்பது

ஒரே மௌத்பீஸ், ஒரே தரத்து ரீட் (மௌத்பீஸில் கட்டும் நாணல் பட்டை), ஒரே அறை. குழலுக்குள் ஒரு டிகிரி வெப்பம் கூடினால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும், ஆகவே கால் மணி நேரமாவது ஊதிச் சூடாக்கிய பிறகே அளவு. டியூனரை நீங்கள் பார்க்கக் கூடாது. கண் பார்த்தால் உதடு தானாகத் திருத்திவிடும். இன்னொருவரைப் பார்த்து எழுதச் சொல்லி, ஒவ்வொரு சுரத்தையும் வெவ்வேறு வரிசையில் பல முறை ஊதிச் சராசரி எடுங்கள். கீழ்ச்சுரம் ஒரு பத்தியில், அதன் பன்னிரண்டாம் சுரம் பக்கத்துப் பத்தியில், நடுவே வித்தியாசம்.

பட்டியல் கையில் வந்ததும் இரண்டு வகைப் பிழையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு சோடி முழுவதும் சேர்ந்து இறங்கியிருந்தால் அது துளையின் பிழை. சோடிக்குள் இடைவெளி விரிந்தோ சுருங்கியோ இருந்தால் அது பெரும்பாலும் உட்குழலின் பிழை, துளையை எவ்வளவு நோண்டினாலும் போகாது. இந்த வித்தியாசம் பிடிபடாமல் கத்தியை எடுத்தால் நல்ல மரம் வீணாகும்.

வேலையைப் பெல் முனையிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். மேலே உள்ள சுரம் தன் துளையோடு அதற்குக் கீழே திறந்திருக்கும் துளைகளையும் நம்பியிருக்கிறது, கீழே மாற்றினால் மேலே கொஞ்சம் மாறும். இறங்கிய சோடிக்கு அடிச்சீவல் கால் கால் சுற்றாக. ஏறியிருந்தால் துளைக்குள் மௌத்பீஸ் பக்கச் சுவரில் சிறிது தேன்மெழுகை ஒட்டி ஊதிப் பாருங்கள். சரியாக வந்தால் மெழுகை எடுத்துவிட்டு அதே இடத்தில் எபோக்ஸி மெல்லிசாகப் பூசுங்கள். சந்தேகமான எல்லா மாற்றத்தையும் முதலில் மெழுகில் ஒத்திகை பார்ப்பது நல்ல பழக்கம்.

தொண்டைச் சுரங்களுக்குப் பாரல் மருந்து. 65, 66 மி.மீ. நீளத்தில் இரண்டு மூன்று பாரல் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். பாரலை 1 மி.மீ. நீட்டினால் நீளமான கீழ் இ சுமார் 3 சென்ட் இறங்கும், குட்டைக் குழலில் ஒலிக்கும் தொண்டை ஜி சுமார் 7 சென்ட் இறங்கும். ஆக பாரலை வெறும் சுருதித் திருகாக நினைத்து இழுத்துவிட்டால் கருவிக்குள்ளேயே சுரங்கள் ஒன்றுக்கொன்று கோணிக்கொள்ளும். பாரலின் உட்குழலைக் கீழ் முனையில் லேசாகக் குறுக்கிப் பார்ப்பதும் பலன் தரும்.

எங்கே நிறுத்துவது? பெரும்பாலான சுரங்கள் 5 சென்டுக்குள் வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கடைசி இ சற்று இறங்கியும், தொண்டை பி ஃபிளாட் சற்று அடைத்தும் இருப்பதோடு உலகின் பெரிய வாத்தியக் குழுக்கள் எல்லாம் வாசித்துக்கொண்டுதான் இருக்கின்றன. எண்கள் சரியாகி ஒலி செத்துப்போன கருவியைவிட, எண்ணில் கொஞ்சம் விலகி ஊதியதும் பேசுகிற கருவியைத்தான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

முதல் சில வாரங்கள்

புதுக் குழலை ஒரேயடியாக மணிக்கணக்கில் ஊதக் கூடாது. உட்சுவர் ஈரம் குடித்து விரியும், வெளிச்சுவர் காய்ந்தே இருக்கும், அந்த இழுபறியில்தான் மேல்துண்டு வெடிக்கிறது. நாளுக்கு 15, 20 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே துடையுங்கள், டெனன் நுனியையும் சாக்கெட்டையும் சேர்த்து. குளிர்ந்த குழலை வெப்பக் காற்றில் காட்டிச் சூடாக்க வேண்டாம், கையால் பிடித்துச் சூடாக்குங்கள்.

டெனன் இறுகினால் உடனே அரத்தை எடுக்காமல் ஒரு நாள் காயவிட்டுப் பாருங்கள். காய்ந்த பிறகும் இறுகினால் மட்டும், பளபளப்பாகத் தேய்ந்திருக்கும் இடத்தை மெல்லியதாகச் சுரண்டலாம். சில மாதம் ஆனதும் வட்டுகளைத் திரும்ப எடுத்து உட்குழலை அளந்து பழைய வரைபடத்தின் மேல் வரையுங்கள். மேல்துண்டின் மேல்முனைதான் அதிகம் நசுங்கியிருக்கும். ரீமரில் மிச்சம் விட்ட அந்த 0.03 மி.மீ.-ஐ எடுக்க வேண்டிய நேரம் அதுதான். எடுத்த பிறகு தொண்டைச் சுரங்களையும் அவற்றுக்கு மேலே தாவும் சுரங்களையும் மட்டும் மறுபடி அளந்து, பாரலைத் தேர்ந்தெடுங்கள்.